சங்கத்தை நம்புவது யார் முகத்தைப் பார்த்து?

மே மாதம் முதலாம் திகதி கொழும்பு வீதிகளில் போகும் ஊர்வலங்களைப் பார்த்தால், தொழிற்சங்கம் என்பது கொடி, தொப்பி, மேடை, ஒலிபெருக்கி என்றுதான் தோன்றும். ஆனால் பேலியகொடையிலோ ரத்மலானையிலோ ஒரு தொழிற்சாலையில் வேலை செய்பவரிடம் "உங்கள் சங்கத்தின் பொதுச் செயலாளர் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் யோசிப்பார். "ஓவர்டைம் காசு குறைஞ்சா யாரிட்ட சொல்லுவீங்க?" என்று கேட்டால் யோசிக்கவே மாட்டார். "பெக்கிங்ல ஒரு அண்ணா இருக்கார், அவரிட்டதான்" என்பார். அந்த அண்ணாவைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அவர் சம்பளம் வாங்கும் முழுநேரத் தொழிற்சங்க ஊழியர் அல்ல. மற்றவர்களைப் போலக் காலையில் விரல் அடையாளம் வைத்து உள்ளே போய், அதே மெஷினில் நின்று, மாத முடிவில் அதே சம்பளச் சிட்டையை வாங்குபவர். கூட வேலை செய்பவர்கள் அவரைத் தெரிவு செய்திருப்பார்கள். சில இடங்களில் வேறு யாரும் முன்வராததால் அவர் தலையில் விழுந்திருக்கும். கிளைச் செயலாளர், கிளைத் தலைவர், சங்கப் பிரதிநிதி என்று இடத்துக்கு இடம் பெயர் மாறும். மலையகத்தில் தோட்டத் தலைவர் என்பார்கள். அங்கிருந்து கொழும்புக்கு வேலை தேடி வந்த பிள்ளைகளுக்கு 'தலைவர்' என்ற ஆள் எப்படி இருப்பார், எப்படி இருக்கக் கூடாது என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வீட்டில் கேட்டே வளர்ந்திருப்பார்கள்.

நம் கேள்வி இதுதான். ஓர் உறுப்பினர் தன் சங்கத்தோடு ஒட்டியிருப்பதற்கும் சந்தாவை நிறுத்திவிட்டு விலகுவதற்கும் இந்த அண்ணாவுக்கும் என்ன சம்பந்தம்?

முதலில், ஒட்டியிருப்பது என்றால் என்ன என்று பார்ப்போம். சந்தா கட்டுவது மட்டும் பற்று ஆகாது. மாதாமாதம் சம்பளத்திலேயே கழிபட்டுப் போகும் தொகையைப் பலர் மறந்தே போயிருப்பார்கள். 1980இல் அமெரிக்காவில் கோர்டன் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் சங்க உறுப்பினர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து இதை அளக்கப் பார்த்தார்கள். சங்கப் பற்று என்பது ஒரே விஷயம் அல்ல, அதற்குள் நான்கு கூறுகள் இருக்கின்றன என்றார்கள். "இந்தச் சங்கத்தில் இருப்பது எனக்குப் பெருமை, எனக்குப் பிரயோசனம்" என்ற உணர்வு ஒன்று. அன்றாடம் சங்கத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்யும் பொறுப்புணர்வு இன்னொன்று. உதாரணமாக, சங்கம் நிர்வாகத்தோடு செய்த ஒப்பந்தத்தில் உள்ளபடி நடக்கிறதா என்று கண் வைத்திருப்பது. மூன்றாவது, கேட்டால் கூடுதலாக இறங்கி வேலை செய்யும் விருப்பம். நான்காவது, என் சங்கம் உன் சங்கம் என்றில்லாமல் தொழிற்சங்கம் என்ற ஏற்பாட்டின் மேலேயே உள்ள நம்பிக்கை.

இதைப் பிரித்துப் பார்ப்பதில் ஒரு நன்மை உண்டு. ஒருவருக்கு நான்காவது நிறைய இருந்து முதலாவது சுத்தமாக இல்லாமல் போகலாம். "தொழிற்சங்கம் வேணும்தான், ஆனா எங்கட சங்கம் சரியில்ல" என்று சொல்பவர்களைக் கொழும்பில் எங்கும் காணலாம். அவர்களைச் சங்க விரோதிகள் என்று தலைமை நினைத்துவிடுகிறது. பெரும்பாலும் அவர்கள் யாரோ ஒரு பிரதிநிதியிடம் சூடுபட்டவர்கள்.

காரணம் எளிது. வங்கியின் பொது முகாமையாளரை நாம் பார்த்ததே இல்லை. ஆனால் கவுன்டரில் இருப்பவர் எரிந்து விழுந்தால், அந்த வங்கியே சரியில்லை என்கிறோம். சங்கத்துக்கும் அப்படித்தான். தலைமைக் காரியாலயம் கொள்ளுப்பிட்டியில் இருக்கலாம், மருதானையில் இருக்கலாம். உறுப்பினருக்குச் சங்கம் என்பது தினமும் கண்ணில் படுகிற அந்த ஒரு ஆள்தான்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். கற்பனைதான், ஆனால் நடக்காதது அல்ல. வத்தளைப் பக்கம் ஒரு தொழிற்சாலை. வேலைக்குச் சேர்ந்து சில மாதமான ஒரு தம்பிக்கு, ஒரு பெட்டி பொருள் சேதமானது பற்றி விளக்கம் கேட்டுக் கடிதம் வருகிறது. கடிதம் சிங்களத்தில் இருக்கிறது. தம்பிக்குப் பேச்சுச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் காரியாலயச் சிங்களத்தை வாசித்து விளங்குவது வேறு வேலை. கை நடுங்குகிறது. மேற்பார்வையாளர் "கையெழுத்துப் போட்டுக் குடு, பிரச்சினை முடிஞ்சிடும்" என்கிறார்.

இந்த இடத்தில் பிரதிநிதி என்ன செய்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒருவர் "நான் மெனேஜரோட கதைக்கிறன், நீங்க பயப்படாதீங்க" என்று தோளில் தட்டிவிட்டுப் போகிறார். போனில் பேசி விஷயத்தை முடித்தும் வைக்கிறார். தம்பிக்கு நிம்மதி. ஆனால் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. அடுத்த கடிதம் வந்தாலும் அதே நடுக்கம்தான்.

இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து கடிதத்தை வரி வரியாகத் தமிழில் சொல்கிறார். "தம்பி, கடிதம் கிடைச்சது எண்டு மட்டும் கையெழுத்துப் போடுங்க. குத்தத்த ஒத்துக்கொள்ற மாதிரி எதுவும் எழுத வேணாம். பதிலுக்கு எத்தனை நாள் தந்திருக்கு எண்டு பாருங்க, இருந்து யோசிச்சு எழுதுவம்." அந்த நேரத்தில் வேலையில் யார் இருந்தார்கள், பெட்டி எப்படி வந்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறார். பதிலைத் தம்பியையே சொல்ல வைத்து எழுதுகிறார். பிரதி ஒன்றைத் தம்பியிடம் கொடுத்து வைத்திருக்கச் சொல்கிறார். கடைசியில் எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தே விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் இவர் ஓடி ஒளிவதில்லை. இதைத் தடுக்க முடியவில்லை, காரணம் இது, இனி இதைச் செய்யலாம், இதைச் செய்ய முடியாது என்று நேராகச் சொல்கிறார்.

முதலாமவர் வென்றார், இரண்டாமவர் பாதி தோற்றார். ஆனால் சங்கத்தின் மேல் பற்று வளர்ந்தது இரண்டாமவரால்தான். விசித்திரமாகத் தோன்றும். நியாயம் பற்றிய உளவியல் ஆய்வுகள் பல துறைகளில் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதைத்தான்: முடிவு எனக்குச் சாதகமா என்பதோடு, என்னை எப்படி நடத்தினார்கள், என் பேச்சைக் கேட்டார்களா, காரணம் சொன்னார்களா என்பதையும் மனிதர் எடைபோடுகிறார். தோல்வியை மறைக்கும் பிரதிநிதியை ஒரு தடவை மன்னிப்பார்கள். அதற்குப் பிறகு அவர் சொல்லும் வெற்றிகளையும் நம்ப மாட்டார்கள்.

என்னைக் கேட்டால், பிரதிநிதிகளுக்கான பயிற்சி வகுப்புகளில் சட்டப் பிரிவுகளைச் சொல்லிக் கொடுக்கும் நேரத்தில் பாதியை, கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்பதற்கு ஒதுக்கலாம்.

அந்தத் தம்பி வேலைக்குப் புதியவர் என்பது சும்மா சேர்த்த விவரம் அல்ல. கோர்டன் குழுவின் ஆய்வில் கவனத்தை ஈர்த்த ஒன்று, சங்கத்தில் சேர்ந்த ஆரம்ப நாட்களின் அனுபவம். யார் வந்து பேசினார், சங்கம் என்ன செய்கிறது என்று யார் விளக்கினார், முதல் கூட்டத்தில் யார் பக்கத்தில் உட்கார வைத்தார் என்பவை பிற்காலப் பற்றோடு நெருங்கிய தொடர்பு உடையவையாக இருந்தன. பின்னால் வந்த ஆய்வாளர்கள் இன்னும் கொஞ்சம் போய், சங்கம் முறையாக நடத்தும் அறிமுகக் கூட்டங்களைவிட ஒரு பிரதிநிதியோ மூத்த உறுப்பினரோ தனியாகப் பேசுவது கூடுதலாக வேலை செய்கிறது என்று கண்டார்கள். கெண்டீனில் பிளேன்டீ குடிக்கும்போது பேசுகிற பத்து நிமிடப் பேச்சு, மண்டபம் எடுத்து வைக்கும் செயலமர்வை வெல்லும். செயலமர்வுக்குத்தான் நிதி கிடைக்கும் என்பது வேறு கதை.

பிரதிநிதிகளில் வகைகளும் உண்டு. சிலர் கொடுக்கல் வாங்கல் ஆட்கள். 'நீ எனக்கு ஓட்டுப் போடு, நான் உனக்கு லீவு எடுத்துத் தாறேன்' என்பது போல. இது கெட்டது என்று ஒரேயடியாகத் தள்ள முடியாது. பிள்ளைக்குச் சுகமில்லாத நாளில் லீவு கிடைப்பது பெரிய விஷயம். ஆனால் கொடுப்பது நின்றால் உறவும் நிற்கும். வேறு சிலர், ஒருவருடைய பிரச்சினையை எல்லாருடைய பிரச்சினையாகக் காட்டத் தெரிந்தவர்கள். ஒருவருக்கு ஊழியர் சேமலாப நிதி ஒழுங்காகக் கட்டுப்படவில்லை என்று தெரிந்தால், "உங்கட கணக்கையும் பாருங்க" என்று முழுப் பகுதியையும் பார்க்க வைப்பார்கள். தொழிலாளியின் சம்பளத்தில் 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம் என்ற கணக்குக்கூடத் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தவரை எளிதில் மறக்க மாட்டார்கள். இந்த இரண்டாவது வகைப் பிரதிநிதிகள் இருக்கும் இடத்தில் உறுப்பினர்களின் பற்றும் பங்கேற்பும் கூடுதலாக இருப்பதைத்தான் ஆய்வுகளும் காட்டுகின்றன.

தலைவர் பெரியவர், ஆலைக்குள் யார்?

இதெல்லாம் வெளிநாட்டு ஆய்வு, நம் ஊருக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். கொழும்பின் சொந்தக் கதையே இருக்கிறது.

1920களில் கொழும்புத் தொழிலாளர்களின் பெருந்தலைவர் ஏ. ஈ. குணசிங்க. 1922இல் இலங்கைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியவர். 1923 பொது வேலைநிறுத்தம், 1929 டிராம் வேலைநிறுத்தம் எல்லாவற்றிலும் முன்னால் நின்றவர். அதே 1929இல் புதிதாக உருவான முதலாளிமார் சம்மேளனத்தோடு கூட்டு ஒப்பந்தமும் செய்தார். அவர் பேருக்கு அன்று கொழும்பில் அத்தனை மதிப்பு. ஆனால் 1933இல் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலைத் தொழிலாளர் சம்பள வெட்டை எதிர்த்து இறங்கியபோது குணசிங்க அவர்கள் பக்கம் நிற்கவில்லை. மலையாளிகள் உட்பட இந்தியத் தொழிலாளர் பலர் வேலை செய்த ஆலை அது. குணசிங்கவின் பேச்சோ அந்தக் காலத்தில் இந்தியத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பியிருந்தது. ஆலைத் தொழிலாளர் என்ன செய்தார்கள்? வாலிபர் இயக்கத்தைச் சேர்ந்த இளம் வழக்கறிஞர் கொல்வின் ஆர். டி சில்வாவையும் அவருடைய தோழர்களையும் தேடிப் போய், புதிய சங்கம் ஒன்றை அமைத்துக்கொண்டார்கள்.

பெருந்தலைவர் ஒருவரின் புகழ், கஷ்டம் வந்த நாளில் பக்கத்தில் நிற்காதபோது எவ்வளவு சீக்கிரம் கரைந்துபோகும் என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை. அந்த வேலைநிறுத்தம் பெரிய வெற்றி என்றும் சொல்ல முடியாது. இருந்தாலும் ஆட்கள் மாறிப் போனார்கள்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். பற்று ஒரே மனிதர் மேல் கட்டப்படுவதும் உண்டு. சிஎம்யூ என்று எல்லாரும் சொல்லும் இலங்கை மெர்க்கன்டைல் யூனியனின் பொதுச் செயலாளராக பாலா தம்பு 1948 முதல் 2014இல் காலமாகும் வரை இருந்தார். கட்சிகளின் பிடியிலிருந்து விலகிச் சங்கத்தைத் தனித்து நிறுத்தியவர் என்ற மதிப்பு அவருக்கு உண்டு. ஆனால் அறுபது ஆண்டுக்கு மேல் ஒரே முகம் என்றால், உறுப்பினரின் பற்று எந்த அளவு சங்கத்தின் மேல், எந்த அளவு அந்த முகத்தின் மேல் என்று பிரிப்பது கஷ்டம். கிளை மட்டத்திலும் இதே சிக்கல்தான், சிறிய அளவில்.

ஏழு பேர், 40 சதவீதம்

சட்டம் இந்த விஷயத்தில் எங்கே வருகிறது என்று கேட்பவர்களுக்கு இரண்டு இலக்கங்கள் போதும்.

1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கங்கள் கட்டளைச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்து விண்ணப்பித்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். உரிமை என்ற வகையில் நல்லது. ஆனால் துறைமுகத்திலும் ரயில்வேயிலும் மின்சாரத் துறையிலும் ஒரே வேலைத்தளத்தில் இத்தனை சங்கங்கள் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு சங்கம், கட்சி உடைந்தால் சங்கமும் இரண்டு. உறுப்பினருக்கு விலகிப் போவதற்குப் பக்கத்திலேயே கதவு திறந்திருக்கிறது. பிரதிநிதியோடு மனக்கசப்பு என்றால், அவரைத் திருத்தவோ மாற்றவோ முயல்வதைவிட அடுத்த சங்கத்தின் படிவத்தை நிரப்புவது சுலபம். ஆட்சி மாறும்போது சங்கம் மாறுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிறோம். இடமாற்றமும் பதவி உயர்வும் யார் சொன்னால் நடக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் அவர்கள் மாறுகிறார்கள். அதைப் பற்று இல்லாமை என்பதைவிட, பற்று வளர இடமே கொடுக்கப்படவில்லை என்பதுதான் சரி.

இரண்டாவது இலக்கம் 40. கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்கு 1999இல் வந்த திருத்தம், ஒரு வேலைத்தளத்தில் பேரம்பேச வரும் சங்கத்தில் தொழிலாளர்களில் 40 சதவீதத்துக்குக் குறையாதவர்கள் உறுப்பினராக இருந்தால், அந்தச் சங்கத்தோடு பேச முதலாளி மறுக்கக் கூடாது என்கிறது. 200 பேர் வேலை செய்யும் இடத்தில் இது 80 பேர். உங்கள் சங்கத்தில் 82 பேர் என்று வையுங்கள். பிரதிநிதி யாரோ மூன்று பேரிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார், அவர்கள் விலகல் கடிதம் கொடுத்தார்கள், 79. இனி நிர்வாகம் "உங்களோடு ஏன் பேச வேண்டும்?" என்று கேட்கலாம். ஒரு கெண்டீன் சண்டை கூட்டு ஒப்பந்தத்தையே கவிழ்க்கக்கூடிய கணக்கு இது. நிர்வாகங்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். பல பிரதிநிதிகளுக்குத் தெரியாது.

அதே திருத்தம் சங்க நடவடிக்கைக்காக மட்டும் ஒருவரை வேலையிலிருந்து நீக்குவதையும் தடுக்கிறது. தொழிலாளர் பிரதிநிதிகளைப் பாதுகாக்கும், சர்வதேச தொழில் அமைப்பின் 135ஆம் இலக்க உடன்படிக்கையையும் இலங்கை 1976லேயே ஏற்றுக்கொண்டிருக்கிறது. எழுத்தில் இப்படி. ஆனால் ஒருவரை நீக்குவதற்கு 'சங்கத்துக்காக' என்று யாரும் கடிதம் எழுதுவதில்லை. வேறு காரணம் எழுதுவார்கள். அப்புறம் தொழில் திணைக்களம், தொழிலாளர் வழக்குகளை விசாரிக்கும் நியாய சபை என்று நாரஹேன்பிட்டிக்கும் வீட்டுக்கும் அலைய வேண்டியதுதான். 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் சுமார் 40,000 பேர் வேலை இழந்த கதை, அந்த வயதுக்காரர்களின் வீடுகளில் இன்னும் சொல்லப்படுகிறது. "சங்கம் கிங்கம் எண்டு போகாத" என்று பிள்ளைக்குப் புத்தி சொல்லும் அப்பாவுக்குப் பின்னால் அப்படி ஒரு கதை இருக்கலாம். பிரதிநிதிக்கு வேலை போனால், அன்று உறுப்பினர்கள் பார்ப்பது சங்கம் அவருக்கு என்ன செய்கிறது என்பதைத்தான். அவரையே காப்பாற்ற முடியாத சங்கம் என்னை எங்கே காப்பாற்றப் போகிறது என்று நினைப்பது நியாயம்தானே.

கொழும்பில் தமிழ் பேசும் உறுப்பினர்களுக்கு மேலே சொன்ன எல்லாவற்றோடும் மொழி என்ற ஒன்று கூடுதலாக இருக்கிறது. கூட்டம் சிங்களத்தில் நடக்கும், அறிவித்தல் பலகையில் சிங்களத் தாள் ஒட்டப்படும், கடைசியில் ஒருவர் எழுந்து இரண்டு நிமிடத்தில் தமிழில் 'சுருக்கமாக' சொல்வார். வேண்டுமென்று செய்வது என்று நான் சொல்லவில்லை. நேரம் இல்லை, மொழிபெயர்க்க ஆள் இல்லை. ஆனால் ஒன்றரை மணி நேரம் பேசியது இரண்டு நிமிடத்தில் அடங்குமா? கேள்வி கேட்கத் தோன்றியவர் கேட்காமலே வீட்டுக்குப் போவார். அடுத்த கூட்டத்துக்கு வர மாட்டார். இங்கே தமிழ் தெரிந்த ஒரு பிரதிநிதியோ, தமிழைச் சிரமப்பட்டேனும் பேசுகிற ஒரு சிங்களப் பிரதிநிதியோ செய்கிற வேலை தலைமைக் காரியாலயத்தின் எந்தச் சுற்றறிக்கையாலும் ஆகாதது. தமிழ் உறுப்பினர்கள் கட்டுகிற சந்தாவுக்கு, அறிவித்தலைத் தமிழிலும் ஒட்டுவது மிகப் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

சங்கத்தின் மேல் பற்று கூடினால் கம்பனி மேல் பற்று குறையும் என்று பல மெனேஜர்மார் நம்புகிறார்கள். தொழிற்சங்க ஆட்கள் சிலரும் அப்படியே நம்புகிறார்கள். இரண்டும் ஒரே மனதில் இருக்கலாம் என்பதை ஆய்வாளர்கள் 1950களிலிருந்தே காட்டி வந்திருக்கிறார்கள். நிர்வாகமும் சங்கமும் முகம் கொடுத்துப் பேசுகிற இடத்தில் இரண்டும் சேர்ந்தே கூடுகின்றன. எந்நேரமும் சண்டை நடக்கும் இடத்தில்தான் ஆட்கள் ஒரு பக்கத்தைத் தெரிவு செய்ய நேர்கிறது. எனவே நிர்வாகத்தோடு மரியாதையாகப் பேசும் பிரதிநிதியை உடனே 'விலை போனவர்' என்று முத்திரை குத்துவதற்கு முன் கொஞ்சம் பொறுக்கலாம். அவர் உள்ளே என்ன பேசினார் என்பதை வெளியே வந்து எல்லாருக்கும் சொல்கிறாரா என்று பாருங்கள். சொல்லாவிட்டால் சந்தேகப்பட உரிமை உண்டு.

இனி, நல்ல பிரதிநிதிக்கு அடிக்கடி நேர்வது ஒன்று. பேசத் தெரிந்தவர், ஆட்களைச் சமாளிக்கத் தெரிந்தவர், விதிமுறை தெரிந்தவர் என்று நிர்வாகமும் கவனிக்கும். ஒரு நாள் அவரை மேற்பார்வையாளராகவோ நிறைவேற்றுத் தரத்துக்கோ உயர்த்திவிடும். பிள்ளைகளின் படிப்பு, வீட்டு வாடகை என்று ஆயிரம் இருக்கும்போது, அதை ஏற்றுக்கொள்பவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பல இடங்களில் அந்தத் தரத்துக்குப் போனவர் பழைய சங்கத்தில் இருக்க முடியாது. உறுப்பினர்கள் அவரை நம்பித்தான் சேர்ந்திருந்தார்கள் என்றால் அந்த மாதமே கிளை ஆட்டம் காணும். மாறாக அவர் முறைப்பாட்டுக் கோப்புகளை ஒழுங்காக வைத்திருந்து, கூட்டங்களுக்குத் தனியே போகாமல் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிப் போய்ப் பழக்கி, அந்தத் தம்பியைப் போன்றவர்களுக்குப் பதில் கடிதம் எழுதக் கற்றுக் கொடுத்திருந்தால், அடுத்த கூட்டத்தில் பேர் முன்மொழியச் சொல்லும்போது கை தூக்க ஆள் இருக்கும்.